லுவான்டி: கட்டை உலக விளையாட்டு எஞ்சின் – ஒரு மதிப்பீடு

லுவான்டி என்பது கனசதுரக் கட்டைகளால் ஆன திறந்த உலக விளையாட்டுகளை உருவாக்கவும் விளையாடவும் பயன்படும் கட்டற்ற மென்பொருள். 2010 முதல் 2024 வரை இது மைன்டெஸ்ட் என்ற பெயரில் அறியப்பட்டது. விண்டோஸ், லினக்ஸ், மேக், ஆண்ட்ராய்டு ஆகியவற்றில் இயங்கும், விலை கிடையாது. இவ்வகை விளையாட்டில் முடிவு என்று ஒன்று இல்லை. மண்ணைத் தோண்டலாம், மரம் வெட்டலாம், வீடு கட்டலாம், கட்டியதை இடித்து மீண்டும் கட்டலாம். மணல் நிரப்பிய பெட்டியில் குழந்தை விளையாடுவதைப் போல இருப்பதால் இதற்குச் சாண்ட்பாக்ஸ் விளையாட்டு என்று பெயர். படத்தின் மிகச் சிறிய புள்ளியைப் பிக்சல் என்பது போல, கனஅளவின் மிகச் சிறிய அலகை வோக்சல் என்பர். இங்கே ஒவ்வொரு கட்டையும் ஒரு வோக்சல்.

இத்தகைய விளையாட்டை உருவாக்குவதில் உள்ள சிரமம் என்ன என்று கேட்டால், பெரும்பாலோர் வரைகலையைச் சொல்வார்கள். கட்டையை வரைவது கடினமான வேலைதான். ஆனால் அதற்கு நல்ல விடைகள் கிடைத்துப் பல ஆண்டுகள் ஆகிவிட்டன. இன்னும் முழுமையாகத் தீராத சிரமம் வேறு. பலர் பல மாதங்கள் உழைத்துக் கட்டிய ஓர் உலகம், மென்பொருள் மாறும்போதும் மோட் எழுதியவர் விலகிப்போகும்போதும் சிதையாமல் நிற்க வேண்டும். லுவான்டியை இந்த அளவுகோலால் அளந்து பார்ப்பதே இக்கட்டுரையின் நோக்கம்.

தோற்றமும் பின்னணியும்

2009-ஆம் ஆண்டு சாக் பார்த் என்ற அமெரிக்க நிரலாளர் இன்ஃபினிமைனர் என்ற விளையாட்டை வெளியிட்டார். கட்டைகளைத் தோண்டுவதும் அடுக்குவதும் அதன் அடிப்படை. வெளியான சில வாரங்களுக்குள் அதன் நிரலைப் பிறர் பிரித்தெடுத்துவிட்டனர். ஒன்றோடொன்று பொருந்தாத பல பதிப்புகள் உலவத் தொடங்கின. ஒருவருடைய பதிப்பைக் கொண்டு மற்றவருடைய சேவையகத்தில் நுழைய முடியாத நிலை வந்தது. பார்த் அதன் வளர்ச்சியைக் கைவிட்டு, மூலநிரலைத் திறந்து விட்டார். யார் வேண்டுமானாலும் மாற்றலாம் என்ற நிலை, மாற்றங்கள் ஒன்றோடொன்று பேசுவதற்கு வழி இல்லாதபோது, விளையாட்டையே உடைத்துவிடும் என்பதற்கு இது முதல் பாடம்.

இன்ஃபினிமைனரைப் பார்த்து ஊக்கம் பெற்ற சுவீடன் நாட்டவர் மார்கஸ் பெர்சன், 2009 மே மாதம் மைன்கிராஃப்ட் விளையாட்டின் முதல் வடிவத்தை வெளியிட்டார். முழுப் பதிப்பு 2011 நவம்பரில் வந்தது. 2014-இல் மைக்ரோசாஃப்ட் நிறுவனம் அதை 250 கோடி டாலருக்கு வாங்கியது. 30 கோடிப் படிகளுக்கு மேல் விற்றுவிட்டதாக 2023-இல் அறிவிக்கப்பட்டது.

பின்லாந்தைச் சேர்ந்த பெர்ட்டு அஹோலா 2010-இல் மைன்டெஸ்ட்டை எழுதத் தொடங்கினார். இத்தகைய உலகத்தைத் தானே உருவாக்க முடியுமா என்று பார்க்கும் சோதனையாகத்தான் அது பிறந்தது. பெயரிலேயே அந்தச் சோதனை இருந்தது. சி பிளஸ் பிளஸ் மொழியில், இர்லிக்ட் என்ற திறமூல வரைகலை நூலகத்தின் மேல் அது கட்டப்பட்டது. பிறகு லுவா என்னும் எளிய நிரல்மொழியில் மோட்கள் எழுதும் வசதி சேர்ந்தது. அந்த வசதியே நாளடைவில் மென்பொருளின் முதன்மை அடையாளம் ஆயிற்று. 2024 அக்டோபரில் அறிவிக்கப்பட்ட புதிய பெயரும் அதையே காட்டுகிறது. பின்னிய மொழியில் 'லுவோன்டி' என்றால் படைப்பு. அதனுடன் லுவா என்ற மொழிப்பெயரை இணைத்தால் லுவான்டி.

கட்டை உலகத்தின் கணக்கு

லுவான்டியின் குறைநிறைகளைப் புரிந்துகொள்ள முதலில் கொஞ்சம் கணக்குப் போட வேண்டும். இது எட்டாம் வகுப்பு மாணவரும் போடக்கூடிய கணக்குதான்.

உலகின் நடுப்புள்ளியிலிருந்து ஒவ்வொரு திசையிலும் சுமார் 31,000 கட்டைகள் வரை போகலாம். ஆகவே ஒரு பக்கத்தின் நீளம் 62,000 கட்டைகள். மூன்று பக்கங்களையும் பெருக்கினால் சுமார் 238 இலட்சம் கோடிக் கட்டைகள். ஒரு கட்டைக்கு எஞ்சின் 4 பைட் ஒதுக்குகிறது. அதில் 2 பைட் கட்டையின் வகைக்கு. மற்ற இரண்டும் ஒளி, திசை போன்ற விவரங்களுக்கு. முழு உலகையும் அப்படியே நினைவில் வைப்பதானால் 950 டெராபைட்டுக்கு மேல் வேண்டும். எந்த வீட்டுக் கணினியிலும் இது முடியாது.

எனவே உலகம் முன்கூட்டியே செய்து வைக்கப்படுவதில்லை. விளையாடுபவர் போகும் இடம் மட்டும் அப்போதைக்கப்போது உருவாகிறது. இதற்கு இரைச்சல் சார்பு எனப்படும் கணித முறை உதவுகிறது. கென் பெர்லின் என்பவர் 1980-களில் திரைப்பட வரைகலைக்காக வகுத்த முறை இதற்கு வழிகாட்டி. ஒரே விதை எண்ணைக் கொடுத்தால் ஒரே மலையும் ஒரே பள்ளத்தாக்கும் திரும்பவும் கிடைக்கும்.

உருவான உலகம் 16×16×16 அளவுள்ள பெட்டிகளாகப் பிரிக்கப்படுகிறது. ஒரு பெட்டியில் 4,096 கட்டைகள். ஒவ்வொரு கட்டைக்கும் 6 முகம். ஒரு முகத்துக்கு 2 முக்கோணம். எல்லாவற்றையும் வரைந்தால் ஒரு பெட்டிக்கு 49,152 முக்கோணங்கள் ஆகும். ஆனால் கற்கள் நிறைந்த பெட்டியில் உள்ளே இருக்கும் முகங்கள் கண்ணில் படுவதில்லை. வெளிப்பக்கத்தை மட்டும் வரைந்தால் 3,072 முக்கோணங்கள் போதும். பதினாறில் ஒரு பங்கு வேலை. இத்தகைய சிக்கனங்கள் இல்லாமல் எந்தக் கட்டை விளையாட்டும் ஓடாது.

31,000 என்ற எல்லையும் ஒரு சிக்கன முடிவின் விளைவே. இடத்தைக் குறிக்க 16 பிட் எண்ணைப் பயன்படுத்தினால் −32,768 முதல் 32,767 வரைதான் எண்ண முடியும். மைன்கிராஃப்ட் கிடைமட்டத்தில் சுமார் 3 கோடிக் கட்டைகள் வரை விரிகிறது. ஆனால் அதன் உயரம் 2021-இல் வந்த 1.18 பதிப்பிலும் 384 கட்டைகளே. லுவான்டியில் உயரமும் ஆழமும் அகலத்துக்குச் சமம். வானத்தில் தனி நாடும் பாதாளத்தில் தனி நாடும் அமைக்க இது இடம் தருகிறது. பரப்பளவில் விட்டுக்கொடுத்ததை உயரத்தில் ஈடுசெய்துகொண்டது எனலாம். இந்த எல்லையைப் பின்னாளில் மாற்றுவது மிகக் கடினம். இட எண்ணை நம்பியே வலையமைப்புச் செய்திகளும், சேமிக்கும் முறையும், மோட்களும் எழுதப்பட்டுள்ளன. அடித்தளம் போடும்போது எடுத்த முடிவு மாடி கட்டிய பின்னும் தொடர்கிறது.

மோட் என்னும் வாசல்

விளையாட்டின் மூல நிரலைத் தொடாமல் அதில் புதிதாக ஒன்றைச் சேர்க்கும் சிறு நிரல்தொகுப்பை மோட் என்கிறோம். புதிய கல், புதிய பயிர், புதிய விலங்கு, புதிய விதி என எதையும் சேர்க்கலாம்.

மைன்கிராஃப்டின் ஜாவா பதிப்பில் மோட் எழுதுவது நெடுங்காலம் பின்வாசல் வழியாகவே நடந்தது. அதன் நிரலில் உள்ள பெயர்கள் புரியாதபடி குலைக்கப்பட்டிருந்தன. ஆர்வலர்கள் அவற்றைப் பிரித்தெடுத்து, எந்தப் பகுதி என்ன செய்கிறது என்று ஊகித்துப் பெயரிட்டு, அதன் மேல் ஃபோர்ஜ், ஃபேப்ரிக் போன்ற இணைப்புக் கருவிகளை உருவாக்கினர். நிறுவனம் புதிய பதிப்பு வெளியிடும்போதெல்லாம் இந்த வேலை மீண்டும் தொடங்கும். அதனால்தான் 1.7.10, 1.12.2 போன்ற பழைய பதிப்புகளிலேயே மோட் விரும்பிகள் பல ஆண்டுகள் தங்கிவிட்டனர். 2019-இல் நிறுவனமே பெயர்ப் பட்டியலை வெளியிட்டது. பெயர் குலைப்பையே கைவிடப்போவதாக 2025 அக்டோபரில் அறிவித்தது. வாசல் திறக்கப் பத்தாண்டுகளுக்கு மேல் ஆயிற்று.

லுவான்டியில் வாசல் வீட்டின் முன்பக்கத்திலேயே இருக்கிறது. ஒரு கோப்புறை, அதற்குள் பெயர் சொல்லும் ஒரு சிறு கோப்பு, லுவாவில் எழுதிய ஒரு கோப்பு, கட்டையின் முகத்தில் ஒட்ட ஒரு படம்: இவ்வளவு இருந்தால் புதிய கட்டை ஒன்று உலகில் தோன்றிவிடும். பத்து வரிக்குள் எழுதிவிடலாம். நிரலைத் தொகுக்கும் கருவி எதுவும் தேவையில்லை. எழுதிச் சேமித்து விளையாட்டை மறுபடி திறந்தால் போதும்.

இன்னொரு சிறப்பும் உண்டு. மோட்கள் சேவையகத்தில்தான் இயங்குகின்றன. விளையாட வருபவர் எதையும் முன்னதாக நிறுவ வேண்டியதில்லை. உள்ளே நுழைந்ததும் தேவையான படங்களும் ஒலிகளும் உருவங்களும் தாமாக இறங்கும். வகுப்பறையில் ஒரு கணினியைச் சேவையகமாக வைத்து மற்ற கணினிகளை அதனுடன் இணைத்தால், ஆசிரியர் ஓரிடத்தில் செய்யும் மாற்றம் அனைவருக்கும் கிடைக்கும். இருபது கணினிகளில் ஒவ்வொன்றாக மென்பொருள் ஏற்றிப் பார்த்தவர்களுக்கு இதன் அருமை தெரியும்.

இந்த ஏற்பாட்டுக்கு விலையும் உண்டு. எல்லா முடிவும் சேவையகத்தில் எடுக்கப்படுவதால், இணைப்பு மெதுவாக இருந்தால் மோட் சார்ந்த செயல்கள் தாமதமாகவே தெரியும். சேவையகம் அனுப்பும் நிரலை விளையாடுபவரின் கணினியிலேயே பாதுகாப்பாக ஓட்டும் திட்டம் பல ஆண்டுகளாகப் பேசப்படுகிறது. அந்நியர் அனுப்பும் நிரலை நம் கணினியில் ஓட விடுவது ஆபத்து என்பதால் அவசரப்படாமல் இருப்பது சரியே. ஆனாலும் விரைவான கைவினை தேவைப்படும் விளையாட்டுகளை இதில் உருவாக்க நினைப்பவர்களுக்கு இது பெரிய தடை.

எண்ணா, பெயரா?

கட்டியதைக் காப்பது என்ற அளவுகோலில் லுவான்டி அதிக மதிப்பெண் பெறும் இடம் இது. மைன்கிராஃப்டின் தொடக்கப் பதிப்புகளில் ஒவ்வொரு கட்டை வகைக்கும் ஓர் எண் இருந்தது. இரண்டு மோட்கள் ஒரே எண்ணைக் கேட்டால் மோதல் வரும். விளையாடுபவரே அமைப்புக் கோப்பைத் திறந்து எண்களை மாற்ற வேண்டும். தவறாக மாற்றினால் கதவு இருந்த இடத்தில் வேறு ஏதோ நிற்கும். 2018-இல் வந்த 1.13 பதிப்பில்தான் எண்முறை முற்றாக நீங்கியது.

லுவான்டியில் மோட்கள் எண்ணைக் கேட்பதில்லை. கட்டைக்குப் பெயர் சூட்டுகின்றன. அந்தப் பெயரின் முன்பகுதி மோட்டின் பெயராக இருக்க வேண்டும் என்பது விதி. ஒரே ஊரில் இரண்டு முருகன் இருந்தாலும் தந்தை பெயரின் முதலெழுத்தால் நாம் பிரித்தறிவது போல, இரண்டு மோட்கள் 'தக்காளி' என்று பெயரிட்டாலும் குழப்பம் வராது. சேமிக்கும்போது, எந்த எண் எந்தப் பெயரைக் குறிக்கிறது என்ற பட்டியலும் அந்தந்தப் பெட்டியுடனேயே சேமிக்கப்படுகிறது.

ஒரு மோட்டை நீக்கிவிட்டால் என்ன ஆகும்? அதன் கட்டைகள் இருந்த இடத்தில் 'அறியப்படாத கட்டை' என்ற குறியுடன் ஒரு பெட்டி நிற்கும். பார்க்க அழகாக இராது. ஆனால் பெயர் அழிவதில்லை. அந்த மோட்டைத் திரும்பச் சேர்த்தால் சுவரும் கூரையும் பழையபடி வந்துவிடும். பெயர் மாறினால் பழைய பெயரைப் புதியதோடு இணைக்க மாற்றுப்பெயர் வசதி உண்டு. உலகத்தின் ஒரு பகுதி நினைவுக்கு ஏறும்போது பழைய கட்டைகளைப் புதியவையாக மாற்றும் வசதியும் உண்டு.

நில அமைப்பை உருவாக்கும் முறையிலும் இதே கவனம் தெரிகிறது. வி5, வி6, வி7, பள்ளத்தாக்கு, கார்பேத்தியன் எனப் பல உருவாக்கிகள் அருகருகே வைக்கப்பட்டுள்ளன. ஓர் உலகம் எந்த முறையில் தொடங்கியதோ அதே முறையில் தொடரும். பழைய வி6 முறையைத் தூக்கி எறிந்திருந்தால், பழைய உலகங்களின் எல்லையில் மலை பாதியில் அறுந்து நிற்கும். 2019 மார்ச்சில் வந்த 5.0 பதிப்பு பழைய 0.4 பதிப்புகளுடன் வலையமைப்பு வழியே பேச முடியாதபடி செய்தது. அப்போதும் பழைய உலகங்கள் திறந்தன. பொருந்தாமையை விளையாடும் மென்பொருளில் ஏற்றுக்கொண்டு, கட்டியவற்றைக் காப்பாற்றிய முடிவு அது.

விளையாட்டு இல்லாத எஞ்சின்

எஞ்சின் தன் பங்கைச் செய்துவிட்டது. ஆனால் உலகம் எஞ்சினால் மட்டும் ஆனதன்று; அதன் மேல் ஓடும் மோட்களாலும் ஆனது. அங்கேதான் லுவான்டியின் பெரிய பலவீனம் இருக்கிறது.

லுவான்டி தன்னை ஒரு விளையாட்டு என்று சொல்லிக்கொள்வதில்லை. பல விளையாட்டுகளைத் தாங்கும் தளம் என்கிறது. முன்பெல்லாம் மைன்டெஸ்ட் கேம் என்ற எளிய விளையாட்டு கூடவே வந்தது. 2023 டிசம்பரில் வந்த 5.8 பதிப்பிலிருந்து அது சேர்த்துத் தரப்படுவதில்லை. புதிதாக நிறுவுபவர் உள்ளடக்கக் களஞ்சியத்திலிருந்து தாமே ஒரு விளையாட்டைத் தேர்ந்தெடுத்து இறக்க வேண்டும்.

கொள்கை அளவில் இது நேர்மையான முடிவு. மைன்டெஸ்ட் கேம் வெறும் புல்வெளி போன்றது. விலங்கு இல்லை, எதிரி இல்லை, பசி இல்லை. அதைப் பார்த்துவிட்டு 'இது மைன்கிராஃப்டின் ஏழைத் தம்பி' என்று பலர் போய்விட்டனர். இப்போது தேர்வு செய்பவருக்கு உண்மையான வேறுபாடுகள் தெரிகின்றன. மைன்கிராஃப்டின் அனுபவத்தை முழுமையாகத் தர முயலும் வாக்செலிப்ரே ஒரு புறம். பொருள்களைச் செய்யும் தனிப் பட்டியல் இல்லாமல், உலகத்திலேயே பொருள்களை அடுக்கியும் அடித்தும் கண்டுபிடிக்கச் சொல்லும் நோட்கோர் மறுபுறம். நோட்கோர் வேறெந்த விளையாட்டின் நகலும் அன்று. இந்த எஞ்சின் இருந்ததால் பிறந்த தனிப் படைப்பு.

ஆனால் நடைமுறை வேறாக இருக்கிறது. பல ஆண்டுகள் மைன்டெஸ்ட் கேம் கூடவே வந்ததால், எண்ணற்ற மோட்கள் அதன் அடிப்படைத் தொகுப்பை நம்பி எழுதப்பட்டுவிட்டன. அதன் கல்லும் மரமும் ஒலியும் இருந்தால்தான் அவை ஓடும். அவற்றை வாக்செலிப்ரேவிலோ நோட்கோரிலோ போட்டால் ஓடாது. அல்லது ஓடியும் பயன் இராது. எஞ்சின் நடுநிலை வகிக்கிறது, மோட்கள் வகிக்கவில்லை. எல்லா விளையாட்டுகளுக்கும் பொதுவான கல், பொதுவான மரம், பொதுவான பசி என்று எதையும் எஞ்சின் வரையறுக்காததால், ஒவ்வொரு மோட் எழுத்தாளரும் தமக்குத் தெரிந்த ஒன்றின் மேல் சாய்கிறார்.

விலங்குகளை எடுத்துக்கொள்வோம். மாப்ஸ் ரீடோ, மாப்கிட், கிரியேச்சுரா எனத் தனித்தனி அடித்தளங்கள் இருக்கின்றன. ஒன்றுக்காக எழுதிய ஆடு மற்றொன்றின் ஓநாயைத் தன் எதிரியாக அறியாது. உணவு, பசி, வேளாண்மை ஆகியவற்றிலும் இதே நிலைதான். இன்ஃபினிமைனர் தந்த முதல் பாடம் வேறு உருவில் திரும்பி வருகிறது. அங்கே பதிப்புகள் ஒன்றோடொன்று பேசவில்லை. இங்கே மோட்கள் பேசுவதில்லை. ஒப்பந்தம் இருக்கும் இடத்தில் நிலைமை நன்றாக இருப்பதையும் சொல்ல வேண்டும். கட்டைகளை 'மரம்', 'கல்' என்று குழுக்களாகக் குறிக்கும் வசதி உள்ளது. எந்த மோட் தந்த பலகையாக இருந்தாலும், மரக் குழுவில் சேர்ந்திருந்தால், நாற்காலி செய்யலாம். இந்தச் சிறு ஒப்பந்தம் பல மோட்களை ஒன்றாக வாழ வைத்திருக்கிறது. இதை விரிவாக்கும் பொறுப்பை யாரும் முழுமையாக ஏற்கவில்லை என்பதே குறை.

விளைவு யார் தலையில் விழுகிறது? ஒரு பள்ளியில் மாணவர்கள் ஆறு மாதம் உழைத்துத் தங்கள் ஊரின் மாதிரியைக் கட்டியிருக்கிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். குளத்தங்கரை, தெருக்கள், கோயில் கோபுரம், பேருந்து நிலையம் எல்லாம் இருக்கின்றன. ஓடுகளும் தூண்களும் ஒரு மோட்டிலிருந்து வந்தவை. அதை எழுதியவர் படிப்பு முடிந்து வேலைக்குப் போய், மோட்டைக் கைவிட்டுவிட்டார். எஞ்சினின் புதிய பதிப்பில் அது பிழை காட்டுகிறது. அப்போது ஊரின் கூரைகள் எல்லாம் 'அறியப்படாத கட்டை'. பெயர்கள் பத்திரமாக இருக்கின்றன, உண்மைதான். ஆனால் அந்தப் பெயருக்கு உருவம் தர ஆள் இல்லை. அந்த மோட்டைத் திருத்தும் உரிமை எல்லோருக்கும் உண்டு. திருத்தத் தெரிந்தவர் அந்தப் பள்ளியில் இருந்தால்தான் அந்த உரிமைக்குப் பொருள் உண்டு.

ஒரே வரிசையில் நிற்கும் வேலைகள்

மோட்களின் அடுத்த சிக்கல் வேகம். சேவையகம் தன் வேலையைச் சிறு சுற்றுகளாகச் செய்கிறது; இயல்பான அமைப்பில் ஒரு சுற்று 0.09 விநாடி. மோட்களின் லுவா நிரல்களில் பெரும்பகுதி ஒரே வரிசையில் நின்று, ஒன்றன்பின் ஒன்றாக, இந்தச் சுற்றுக்குள் முடிய வேண்டும். கணினியில் எட்டு செயலகங்கள் இருந்தாலும் இந்த வரிசைக்கு ஒன்றுதான் உதவும். ரேஷன் கடையில் எடை போட ஒரே ஆள் இருப்பது போன்ற நிலை. ஒருவர் தாமதித்தால் பின்னால் நிற்பவர் அனைவரும் காத்திருக்க வேண்டும்.

புல் பரவுவது, இலை உதிர்வது, பயிர் வளர்வது ஆகியவற்றுக்காக, வீரரைச் சுற்றியுள்ள கட்டைகளைக் குறிப்பிட்ட இடைவெளியில் ஆராயும் வசதி உண்டு. எழுத மிக எளிது. அதனால் புதியவர்கள் தாராளமாகப் பயன்படுத்துகிறார்கள். ஒரு மோட் தனியாக ஓடும்போது சுமை தெரியாது. ஐம்பது மோட்கள் ஒவ்வொன்றும் இவ்வாறு தேடினால், கதவைத் திறக்கச் சொல்லிவிட்டு இரண்டு விநாடி காத்திருக்க வேண்டிவரும். ஒவ்வொரு மோட்டும் நல்லதே. கூட்டினால் உலகம் திணறுகிறது. எந்த மோட் காரணம் என்று கண்டுபிடிப்பது அனுபவமுள்ள சேவையக நிர்வாகிக்கே கடினம்.

எஞ்சின் குழு இதைக் கவனிக்காமல் இல்லை. கனமான கணக்குகளைத் தனி இழைக்கு அனுப்பும் வசதி 5.6 பதிப்பிலும், நில உருவாக்கத்துக்கான லுவா நிரலை அதன் இழையிலேயே ஓட்டும் வசதி 5.9 பதிப்பிலும் வந்தன. ஆனால் ஏற்கெனவே எழுதப்பட்ட மோட்கள் தாமாகத் திருந்திக்கொள்ளமாட்டா. ஒவ்வொன்றையும் யாராவது உட்கார்ந்து மாற்றி எழுத வேண்டும்.

உரிமமும் உழைப்பும்

மோட் உலகில் உரிமம் வெறும் சட்டச் சடங்கு அன்று. 2014 செப்டம்பரில் மைன்கிராஃப்ட் சேவையகங்களில் பரவலாகப் பயன்பட்ட கிராஃப்ட்பக்கிட் என்ற மென்பொருள் இதைக் காட்டியது. கட்டற்ற உரிமத்தில் தாம் எழுதிய நிரல், மூலநிரல் வெளியிடாத விளையாட்டு நிரலுடன் கலந்து பரப்பப்படுகிறது என்று ஒரு பங்களிப்பாளர் பதிப்புரிமை அறிவிப்பு அனுப்பினார். பதிவிறக்கம் நின்றது. அதை நம்பியிருந்த சேவையகங்கள் திண்டாடின.

லுவான்டியில் இத்தகைய கலப்புச் சிக்கல் அடித்தளத்தில் இல்லை. எஞ்சின் எல்ஜிபிஎல் உரிமத்தில் வருகிறது. களஞ்சியத்தில் ஒவ்வொரு தொகுப்பின் உரிமமும் தெளிவாகக் குறிக்கப்படுகிறது. கைவிட்ட மோட்டை மற்றொருவர் எடுத்துத் தொடரலாம். இந்த உரிமையைத் தவறாகப் பயன்படுத்துவோரும் உண்டு. இதே நிரலை வேறு பெயரில், இடையிடையே விளம்பரம் திணித்து, கைப்பேசிச் செயலியாக விடுகிறார்கள். மூல ஆசிரியர்களின் பெயரே தெரியாமல் குழந்தைகள் அவற்றை விளையாடுகின்றனர். சம்பளமின்றி ஓய்வு நேரத்தில் எழுதும் சிலரின் உழைப்பில்தான் இவை அனைத்தும் நிற்கின்றன என்பதை மறக்கக் கூடாது. குறை சொல்லும்போதும் அதை நினைவில் வைத்தே சொல்ல வேண்டும்.

எழுத்து என்னும் தடை

தமிழ் வாசகர்கள் அறிய வேண்டிய ஒரு குறை தனியாக உண்டு. லுவான்டியின் எழுத்து வரையும் பகுதி, குறியீடுகளை ஒன்றன்பின் ஒன்றாக அடுக்கி வரையும் எளிய முறையில் அமைந்தது. ஆங்கிலத்துக்கும் பின்னிய மொழிக்கும் அது போதும். இந்திய மொழிகளுக்குப் போதாது. 'கொ' என்ற எழுத்தில் மெய்யின் இருபுறமும் குறிகள் நிற்க வேண்டும். 'கு', 'மு', 'டு' ஆகியவற்றில் உகரம் எழுத்தோடு இணைந்து உருமாற வேண்டும். இந்த இணைப்பைச் செய்யும் பகுதி எஞ்சினில் இல்லாததால், இந்தி, கன்னடம், தாய், அரபு முதலிய மொழிகளின் மொழிபெயர்ப்புக் கோப்புகள் மூலநிரலில் இருந்தும், நெடுங்காலம் மொழிப் பட்டியலில் காட்டப்படாமல் விடப்பட்டன. தமிழுக்கும் சிக்கல் அதுவே.

கட்டைகளை வைத்து உலகமே செய்ய முடிகிற எஞ்சினில், ஒரு பலகையில் 'கோயில்' என்று ஒழுங்காக எழுத முடியவில்லை என்றால் அது சிறு குறை ஆகாது. எழுத்துகளைக் கோக்கும் திறமூல நூலகங்கள் ஏற்கெனவே உள்ளன. உலாவிகளும் அலுவலக மென்பொருள்களும் அவற்றைப் பயன்படுத்துகின்றன. அவற்றை எஞ்சினில் பொருத்துவது கடின வேலைதான், ஆனால் புதிதாகக் கண்டுபிடிக்க வேண்டிய வேலை இல்லை. தமிழ்நாட்டிலும் இலங்கையிலும் நிரல் படிக்கும் மாணவர்கள் பங்களிக்க நினைத்தால், ஐம்பத்தோராவது தக்காளி மோட்டை விட இது பெரிய உதவியாக இருக்கும்.

மதிப்பீடு

கட்டியதைக் காக்கும் அளவுகோலால் அளந்தால், லுவான்டியின் எஞ்சின் நன்றாகத் தேறுகிறது. பெயரால் கட்டையை அடையாளம் காணும் முறை, பழைய நில உருவாக்கிகளைக் கைவிடாமை, திறந்த உரிமம் ஆகிய மூன்றும் தொலைநோக்கு உடையவை. மைன்கிராஃப்ட் பல ஆண்டுகள் கழித்து வந்து சேர்ந்த சில இடங்களில் இது முன்பே நின்றது. ஆனால் எஞ்சினுக்கு மேலே உள்ள மோட் உலகில் பொறுப்பு சிதறிக் கிடக்கிறது. எல்லோரும் கட்டலாம் என்ற சுதந்திரம் கிடைத்த அளவுக்கு, கட்டியதை யார் பேணுவது என்பதற்கு விடை கிடைக்கவில்லை. வாக்செலிப்ரே, நோட்கோர் போன்று, ஒரு குழு முழு விளையாட்டுக்கும் பொறுப்பேற்ற இடங்களில்தான் அந்த விடை ஓரளவு தெரிகிறது.

பள்ளியிலோ வீட்டிலோ இதைத் தொடங்க நினைப்பவர்களுக்குச் சில நடைமுறைக் குறிப்புகள் சொல்லலாம். பொறுப்புள்ள குழு நடத்தும் ஒரு முழு விளையாட்டை முதலில் தேர்ந்தெடுங்கள். மோட்களைக் குறைவாகச் சேருங்கள். சேர்த்த மோட்களின் நிரலை உலகக் கோப்புறையுடன் சேர்த்தே நகலெடுத்து வையுங்கள். எஞ்சினின் புதிய பதிப்பை முதலில் நகல் உலகத்தில் திறந்து பாருங்கள். மாணவர்களில் ஒருவராவது லுவா கற்றுக்கொள்ளட்டும். கட்டுவதற்கு ஆர்வம் இருந்தால் போதும். அதைப் பேணுவதற்குப் படிக்கத் தெரிந்த ஒருவர் வேண்டும். அந்த ஒருவரை உருவாக்கும் வாய்ப்பை, மூலநிரலைப் பூட்டி வைக்காத லுவான்டி நமக்குத் தருகிறது.